ஒரு வரியில் வரும் வரி: வங்கி அறிக்கையில் கவுன்சிலின் பெயரைப் படிப்பது எப்படி?

லண்டனின் வடமேற்கு மூலையில், எங்கள் தெருவில் எனக்கு ஒரு சம்பளமில்லாத உத்தியோகம் உண்டு: கடிதம் வாசித்துச் சொல்வது. என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட, கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூராட்சி மன்றத்திலிருந்து, உறை வந்தால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர்களுக்கு இடிப்பது மொழி இல்லை, கணக்கு.

பிப்ரவரி பிறந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம் வரும். "அண்ணா, இந்த மாதம் கவுன்சில்காரர் காசே எடுக்கவில்லை. ஏதாவது தள்ளுபடி அறிவித்திருக்கிறார்களா?" ஏப்ரலில் அதே தம்பி மறுபடி அழைப்பார். "அண்ணா, இந்த முறை கூடுதலாக எடுத்துவிட்டார்கள். வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டேன்." முதல் அழைப்புக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். இரண்டாவது அழைப்பு வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிட்டனில் வாழும் தமிழர் வீடுகளில் வாடகைக்கோ வீட்டுக்கடனுக்கோ அடுத்தபடியாக மாதந்தோறும் வெளியே போகும் பெரிய தொகைகளில் ஒன்று கவுன்சில் வரி. ஆனால் அதைப் பற்றிய பேச்சு முழுக்கச் செவிவழிச் செய்திதான். "குப்பை அள்ளுவதற்கு எடுக்கிறார்கள்", "வீட்டில் ஆள் கூடினால் கூடும்", "வீட்டு விலை ஏறினால் ஏறும்", "வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும்". இந்த நான்கும் அப்படியே எடுத்துக்கொண்டால் தவறு.

வங்கிக்குத் தெரிந்தது எவ்வளவு?

ஊரில் மளிகைக் கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்கிய வீடுகளுக்கு இது எளிதாகப் புரியும். மாத முடிவில் அப்பா கடைக்காரருக்கு மொத்தமாகக் காசு கொடுப்பார். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் "கடைக்கு" என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டும் இருக்கும். அரிசி எத்தனை கிலோ, பருப்பு என்ன விலை என்பதெல்லாம் கடைக் கொப்பியில்தான் இருக்கும். வீட்டுப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் பருப்பின் விலை கிடைக்காது.

வங்கிக் கணக்கறிக்கை என்பது அந்த வீட்டுப் புத்தகம். கவுன்சில் மார்ச் மாதத்தில் அனுப்பும் ஆண்டுப் பில் கடைக் கொப்பி. வங்கிக்குத் தெரிந்தவை நான்கே: எந்த நாள், யாருக்கு, எவ்வளவு, எந்தக் குறிப்பெண்ணின் கீழ். உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது, தள்ளுபடி கிடைத்திருக்கிறதா, போன ஆண்டுப் பாக்கி சேர்ந்திருக்கிறதா என்று வங்கி ஊழியரிடம் கேட்டால் அவர் பாவம், கையை விரிப்பார்.

அறிக்கையில் கவுன்சிலின் முழுப்பெயர் வருவதும் அரிது. இடம் போதாமல் சுருக்கிவிடுவார்கள். 'எல்.பி.' என்று தொடங்கினால் அது பெரும்பாலும் 'லண்டன் பரோ', அதாவது லண்டனின் உள்ளூராட்சிப் பகுதிகளில் ஒன்று. அதன் பின்னால் ஹாரோ, பிரெண்ட், நியூஹாம் என்று ஊர்ப்பெயர் வரும். அதன் அருகில் வரும் நீண்ட எண்தான் குறிப்பெண். கவுன்சில் வரியாக இருந்தால், ஆண்டுப் பில்லின் மேல்பகுதியில் அச்சிட்டிருக்கும் கணக்கு எண்ணும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். தொகையைப் பார்த்துத் திடுக்கிடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தள்ளிவிடும் காசும் இழுத்துக்கொள்ளும் காசும்

தொகைக்குப் பக்கத்தில் 'டி.டி.', 'எஸ்.ஓ.' என்று இரண்டெழுத்துக் குறி ஒன்று இருக்கும். காசு எந்த வழியாகப் போனது என்பதை அது காட்டும்.

ஸ்டாண்டிங் ஆர்டர் (எஸ்.ஓ.) என்பது நீங்கள் தள்ளிவிடும் காசு. "ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இவருக்கு 200 பவுண்ட் அனுப்பு" என்று நீங்கள் வங்கிக்குச் சொல்கிறீர்கள். நீங்களாக மாற்றும்வரை அந்த 200 மாறாது. சீட்டுக் காசு, தங்கையின் படிப்புச் செலவு போன்றவற்றைப் பலர் இப்படித்தான் அனுப்புகிறார்கள்.

டைரக்ட் டெபிட் (டி.டி.) என்பது அவர்கள் இழுத்துக்கொள்ளும் காசு. "என் கணக்கிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்" என்று கவுன்சிலுக்கு நீங்கள் ஒருமுறை அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டால், எவ்வளவு, எந்த நாள் என்பதைக் கவுன்சில்தான் முடிவு செய்யும். அதனால்தான் ஏப்ரலில் தொகை தானாக மாறுகிறது. "நான் மாற்றவே இல்லையே!" என்று கேட்பவர்கள் இதை ஸ்டாண்டிங் ஆர்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கப் பயமாக இருந்தாலும் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. டைரக்ட் டெபிட் உத்தரவாதம் என்ற விதியின்படி, தொகையோ நாளோ மாறுவதானால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வழக்கமாக அது 10 வேலை நாட்கள். கவுன்சில் விஷயத்தில் மார்ச்சில் வரும் பில்லே அந்த அறிவிப்பு. பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு "யாரும் சொல்லவில்லை" என்றால் செல்லாது. அறிவித்ததற்கு மாறாகப் பிழையாக எடுத்திருந்தால் உங்கள் வங்கியே உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித்தர வேண்டும். பிழை இல்லாமல் திரும்பப் பெற்றுவிட்டால், பிறகு அதைக் கட்டியாக வேண்டும்.

சுருக்கமாக: வங்கி அறிக்கை காசு போன வழியைக் காட்டும், காரணத்தைப் பில்லில்தான் தேட வேண்டும். டைரக்ட் டெபிட்டில் தொகையைத் தீர்மானிப்பவர் எடுப்பவர்.

கவுன்சில் பெயர் வந்தாலே அது வரியா?

இல்லை. கவுன்சில் ஒரே சமயத்தில் வரி வாங்கும், வீட்டை வாடகைக்கு விடும், வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு விற்கும், அபராதமும் போடும். எல்லாம் ஒரே பெயரில்தான் அறிக்கையில் வரும்.

கவுன்சில் வீட்டில் குடியிருப்பவருக்கு வாடகை ஒரு கணக்கு, வரி வேறு கணக்கு. ஒரே மாதத்தில் ஒரே பெயரில் இரண்டு தொகைகள் போனால் "இரட்டிப்பாக எடுத்துவிட்டார்கள்" என்று பதறத் தேவையில்லை. கவுன்சில் அடுக்குமாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்குச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடும். கட்டடத்தின் கூரை, படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றின் பராமரிப்புக் கட்டணம் கவுன்சிலுக்குத் தனியாகப் போகும். தோட்டக் கழிவு அள்ளுவதற்குப் பல கவுன்சில்கள் ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன. வீட்டுவாசலில் கார் நிறுத்தும் அனுமதிச்சீட்டு, வாகன அபராதம் போன்றவை பெரும்பாலும் கார்டு வழியாகப் போனதாகத் தெரியும்.

கவுன்சிலின் தலையில் தவறாகக் கட்டப்படும் கட்டணங்களும் உண்டு. மத்திய லண்டனுக்குள் காரை ஓட்டிப் போனதற்கான நெரிசல் கட்டணம் லண்டன் போக்குவரத்துத் துறைக்குரியது. காருக்கான ஆண்டு வரி மத்திய அரசின் வாகனப் பதிவு அமைப்புக்குப் போகிறது. இங்கிலாந்தில் தண்ணீர்க் கட்டணம் தனி நிறுவனத்துக்கு. ஸ்காட்லாந்தில் மட்டும் தண்ணீரும் கழிவுநீரும் கவுன்சில் வரிப் பில்லோடு சேர்ந்தே வரும். கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் முதல் தண்ணீர்ப் பில்லைப் பார்த்துத் திகைப்பது அதனால்தான். வட அயர்லாந்தில் கவுன்சில் வரியே கிடையாது, அங்கே 'ரேட்ஸ்' என்ற பழைய முறை தொடர்கிறது.

தொகை எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சோலைவரி தெரியும். தமிழ்நாட்டுக்காரருக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி தெரியும். இரண்டையும் கட்டுபவர் வீட்டின் சொந்தக்காரர். அந்தப் பழக்கத்தில், பிரிட்டனுக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் இருப்பவர் கவுன்சில் பில்லைப் பார்த்து, "வீடு என்னுடையதா என்ன?" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார். இங்கே சட்டம் வேறு. வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவரே கட்ட வேண்டும். கணவன் மனைவி என்றாலும், வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்திட்ட நண்பர்கள் என்றாலும், முழுத் தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. "என் பங்கை நான் கட்டிவிட்டேன்" என்பது உங்களுக்கும் நண்பருக்கும் இடையிலான வழக்கு. கவுன்சில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அறை அறையாகத் தனித்தனியே வாடகைக்கு விட்ட வீடுகளில் மட்டும் பொதுவாக வீட்டு உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு ஊர்க்கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை விதிப்பார்கள். கல்வீட்டுக்காரருக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே பங்கு. பிரிட்டனும் அப்படி ஒரு முறையைச் செய்து பார்த்துச் சூடுபட்ட நாடு. மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தலைக்கு வரி வந்தது. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தாட்சர் பதவி விலகினார். தலைவரியும் அவர் பின்னாலேயே போனது. அதற்குப் பதிலாக 1993 ஏப்ரல் 1இல் வந்ததுதான் இன்றைய கவுன்சில் வரி. இது வீட்டைப் பார்த்து விதிப்பது. ஆகவே உங்கள் மாமனாரும் மாமியாரும் வந்து தங்கினாலும், இரண்டு பேர் இருந்த வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் முழு வரி அதேதான்.

வீட்டை எப்படி அளந்தார்கள் என்பது சுவையான கதை. இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1இல் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று மதிப்பிட்டு, ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். இதைத்தான் 'பேண்ட்' என்கிறார்கள். நேரம் குறைவு, வீடுகளோ கோடிக்கணக்கில். மதிப்பீட்டாளர்கள் பல தெருக்களில் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. இரண்டாம் கியரில் மெல்ல ஓட்டிக்கொண்டே வீடுகளைப் பார்த்துக் குறித்தார்கள். 'இரண்டாம் கியர் மதிப்பீடு' என்ற கேலிப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 40,000 பவுண்ட் வரை ஏ பிரிவு. 68,000க்கு மேல் 88,000 வரை டி. 320,000ஐத் தாண்டினால் எச். லண்டனில் இன்று 88,000 பவுண்டுக்கு வீடு தேடிப் பாருங்கள்!

இங்கிலாந்தில் அந்த மதிப்பீட்டை இன்றுவரை புதுப்பிக்கவில்லை. புதிதாகக் கட்டும் வீட்டையும், 1991இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்துதான் பிரிவில் சேர்க்கிறார்கள். வேல்ஸ் மட்டும் 2003ஆம் ஆண்டு விலைக்கு மாறி, ஐ என்ற ஒன்பதாவது பிரிவையும் சேர்த்துக்கொண்டது. எனவே உங்கள் வீட்டின் விலை போன ஆண்டில் ஏறியதற்கும் இந்த ஏப்ரலில் வரி ஏறியதற்கும் தொடர்பில்லை. பின்பக்கம் நீட்டிக் கட்டினாலோ கூரையடியில் அறை எடுத்தாலோகூட, நீங்கள் அங்கே குடியிருக்கும்வரை அதற்காகப் பிரிவை உயர்த்த மாட்டார்கள். வீடு விற்கப்பட்ட பிறகுதான் மறுபடி பார்ப்பார்கள். வாங்கியவருக்கு அந்த அதிர்ச்சி காத்திருக்கும்.

பிரிவிலிருந்து தொகைக்குப் போவது எளிய வாய்ப்பாடு. டி பிரிவை ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஏ பிரிவுக்கு ஆறு பங்கு, பி-க்கு ஏழு, சி-க்கு எட்டு. மேலே போனால் ஈ-க்கு பதினொன்று, எஃப்-க்கு பதின்மூன்று, ஜி-க்கு பதினைந்து, எச்-க்கு பதினெட்டு. கவுன்சில் ஆண்டுதோறும் முடிவு செய்வது டி பிரிவின் தொகையை மட்டுமே. அது 1,800 பவுண்ட் என்றால் ஒரு பங்கு 200. ஏ பிரிவு வீடு 1,200 கட்டும். எச் பிரிவு மாளிகை 3,600 கட்டும். மாளிகையின் மதிப்பு எத்தனை மடங்காக இருந்தாலும் வரி மூன்று மடங்குக்கு மேல் போகாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

டி பிரிவுத் தொகை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். 2025-26இல் இங்கிலாந்தின் சராசரி 2,280 பவுண்ட். ஆனால் 2024-25இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், வான்ட்ஸ்வர்த் இரண்டிலும் அது ஆயிரத்துக்கும் குறைவு. அதாவது வெஸ்ட்மின்ஸ்டரின் மிக உயர்ந்த எச் பிரிவு வீடு கட்டிய வரி, நாட்டின் சராசரி டி பிரிவு வீடு கட்டியதைவிடக் குறைவு. பக்கிங்ஹாம் அரண்மனை வெஸ்ட்மின்ஸ்டரில்தான் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று: காசை எடுப்பவர் பெயரில் ஒரு கவுன்சில் இருந்தாலும், காசு முழுவதும் அதற்குப் போவதில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் மொய் நோட்டு எழுதினால் காசு எல்லாம் அவருக்கா போகிறது? லண்டனில் எந்த பரோ வசூலித்தாலும் அதில் ஒரு பகுதி லண்டன் மாநகர ஆட்சிக்குப் போகிறது. மெட்ரோபொலிட்டன் போலீஸ், தீயணைப்புப் படை, போக்குவரத்து ஆகியவற்றுக்கு அது செலவாகிறது. 2025-26இல் டி பிரிவு வீட்டுக்கு இந்தப் பங்கு 490.38 பவுண்ட். இப்படி இன்னோர் அமைப்புக்காக வசூலித்துக் கொடுக்கும் தொகைக்கு 'பிரிசெப்ட்' என்று பெயர். லண்டனுக்கு வெளியே கிராலி போன்ற ஊரில் பில் அனுப்புவது நகரக் கவுன்சில். ஆனால் பெரும் பகுதி போவது மேற்கு சசெக்ஸ் மாவட்டக் கவுன்சிலுக்கு.

குப்பைக்கு மட்டும்தான் இந்தக் காசு என்ற பேச்சும் இங்கே உடைகிறது. கவுன்சில்களின் செலவில் பெரும் பங்கை விழுங்குவது முதியோர், மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்பு. பில்லில் முதியோர் பராமரிப்புக்கென்று ஒரு சதவீதம் தனியாக அச்சிடப்பட்டிருப்பதும் அதனால்தான். அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்தில் பெரும்பாலான பெரிய கவுன்சில்கள் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் ஐந்து சதவீதத்துக்கு உட்பட்டே உயர்த்த முடிந்தது: பொதுச் செலவுக்கு மூன்று, பராமரிப்புக்கு இரண்டு. நிதி நெருக்கடியில் சிக்கிய கிராய்டன் போன்ற சில கவுன்சில்களுக்கு 2023இல் அரசு சிறப்பு அனுமதி தந்தது. கிராய்டனில் வரி ஏறக்குறைய 15 சதவீதம் உயர்ந்தது. அந்த ஏப்ரலில் கிராய்டன் உறவினர்கள் எல்லோரும் எனக்குத் தொலைபேசினார்கள்.

ஆக, உங்கள் ஆண்டுத் தொகை மூன்று படியில் வருகிறது: வீட்டுக்கு ஒரு பழைய பிரிவு, அந்த ஆண்டுக்கான டி பிரிவுத் தொகை, பிறகு ஒன்பதில் இத்தனை பங்கு என்ற கணக்கு.

பத்து மாதம் கட்டு, இரண்டு மாதம் மூச்சுவிடு

இனி அந்தப் பிப்ரவரி அழைப்புக்கு வருவோம். வரி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கும் உரியது. ஆனால் வழக்கமாக அதைப் பத்துத் தவணையாகப் பிரித்து ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை எடுப்பார்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எடுக்காததற்குக் காரணம், முழு ஆண்டுக்கும் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்கள். பன்னிரண்டு மாதமாகப் பிரிக்கும்படி கவுன்சிலிடம் கேட்கும் உரிமை இருக்கிறது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் வீடுகளுக்கு நான் அதையே சொல்கிறேன்; மொத்தத் தொகை மாறாது, மாதச் சுமை குறையும்.

முதல் தவணை மற்றவற்றோடு ஒத்துப்போகாததும் பலரைக் குழப்புகிறது. ஆண்டுத் தொகை 2,153.67 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது தவணைகளை முழு எண்ணாக 215 என்று வைத்தால் 1,935 ஆகிறது. மிச்சம் 218.67 முதல் மாதத்தில் வந்து விழும். சில்லறையை முன்னாலேயே தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் வயிற்றைக் கலக்குவது ஆண்டு நடுவில் குடிபெயர்ந்தவர்களின் கணக்கு. வரி நாள் கணக்கில்தான் ஏறும். ஆண்டுக்கு 1,825 பவுண்ட் என்றால் நாளுக்கு ஐந்து. ஒருவர் ஆகஸ்ட் 1இல் குடிவருகிறார். "பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டு நவம்பரில்தான் கவுன்சிலுக்கு அறிவிக்கிறார். ஆகஸ்ட் 1 முதல் மார்ச் 31 வரை 243 நாள், அதாவது 1,215 பவுண்ட். அதை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று தவணையில் எடுத்தால் மாதம் 405. பக்கத்து வீட்டுக்காரர் அதே பிரிவு வீட்டுக்கு 182.50தான் கட்டுகிறார். இதைக் கண்டு "நாங்கள் புதிதாக வந்தவர்கள் என்று ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு குடும்பமே என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. நாளுக்கு ஐந்து பவுண்ட் என்று தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் தேநீர் குடித்தார்கள்.

குறைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வீட்டில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். முழுநேர மாணவர்களைக் கவுன்சில் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் வரியே இல்லை. தாயும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனும் மட்டும் இருக்கும் வீட்டில் தாய் ஒருவரே கணக்கு. ஆகவே அங்கும் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போனதும் அதைக் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பழைய தேதியிலிருந்து கணக்குப் போட்டுத் திரும்ப வாங்குவார்கள்.

மாற்றுத்திறனாளிக்காக வீட்டில் தனிக் குளியலறை போன்ற ஏற்பாடு இருந்தால், ஒரு பிரிவு கீழே இருப்பதாக வைத்து வரி போடுவார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத் தனியாக ஒரு வரிக்குறைப்புத் திட்டம் இருக்கிறது.

இந்தக் கடைசித் திட்டத்தில்தான் விசாவில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். விசாவில் 'பொதுநிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை இருந்தால், வருமானத்தை வைத்துத் தரும் வரிக்குறைப்பு அந்தப் பொதுநிதியில் அடங்கும், கேட்கக் கூடாது. ஆனால் தனியாள் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் அதில் அடங்காது. இந்த வேறுபாடு தெரியாமல், பயத்தில் 25 சதவீதத் தள்ளுபடியையே விட்டுவிட்டு ஆண்டுக்கணக்காக முழு வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டின் பிரிவே தவறு என்று நினைத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சிலிடம் அல்ல, அரசின் மதிப்பீட்டு அமைப்பிடம் முறையிட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. "நாங்கள் குறைத்துத் தருகிறோம், கிடைப்பதில் பங்கு கொடுங்கள்" என்று தொலைபேசுபவர்களிடம் ஏமாறாதீர்கள். மறுமதிப்பீட்டில் பிரிவு ஏறவும் வாய்ப்புண்டு. பக்கத்து வீட்டுப் பிரிவும் சேர்ந்து ஏறினால் வேலியோரப் பேச்சு நின்றுவிடும்.

வங்கியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

டைரக்ட் டெபிட்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தினால் இழுக்கும் கயிறுதான் அறுகிறது. கடன் அப்படியே இருக்கும். கடைக்காரர் கொப்பியில் உங்கள் பக்கத்தில் எழுத்து நிற்காது.

தவணை தவறினால் இங்கிலாந்தில் கவுன்சில் ஒரு நினைவூட்டல் அனுப்பும். ஏழு நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாளில் தவணை உரிமையே போய்விடும். ஆண்டின் மிச்சத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்வார்கள். அதையும் விட்டால் நீதிமன்ற அழைப்பாணை. நீதிமன்றம் பொறுப்பாணை (இந்தக் கடனுக்கு நீங்களே பொறுப்பு என்ற ஆணை) கொடுத்துவிட்டால் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், வசூல் முகவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு படியிலும் செலவுத் தொகை ஏறும். ஏப்ரலில் நிறுத்தியவருக்கு இது கோடைக்குள் நடந்து முடிந்துவிடும். ஆண்டு தொடங்கிய நேரத்தில் நிறுத்தியதால் மிச்சத் தொகை என்பது கிட்டத்தட்ட முழு ஆண்டுத் தொகை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நான் எழுவது இதற்காகத்தான்.

தொகை தவறு என்று சந்தேகித்தால் முதலில் பில்லை எடுத்துக் கணக்கு எண்ணைச் சொல்லிக் கவுன்சிலின் வரிப் பிரிவுடன் பேசுங்கள். கையில் காசு இல்லை என்றாலும் அதே வழிதான். நினைவூட்டல் வருவதற்கு முன் பேசுபவருக்குக் கிடைக்கும் பொறுமை, அழைப்பாணைக்குப் பின் பேசுபவருக்குக் கிடைப்பதில்லை.

கவுன்சிலிடமிருந்து காசு வந்தால்?

அதுவும் நடக்கும். வீடு மாறும்போது கூடுதலாகக் கட்டிய நாட்களின் காசு, பழைய தேதியிலிருந்து கிடைத்த தள்ளுபடி ஆகியவை வரவுப் பக்கத்தில் வரும். சில நேரம் கவுன்சில் காசாகத் தராமல் அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளும். அப்போது ஒரு மாதம் மட்டும் சிறிய தொகை போகும். "உங்கள் வரி மீதியைப் பெற இங்கே அழுத்துங்கள்" என்று கைபேசியில் வரும் குறுஞ்செய்தியைத் தொடாமல், பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். கார்டு எண்ணைக் கேட்டுக் கறப்பதற்கு இது மோசடிக்காரர்களின் பழைய தூண்டில்.

இந்த எச்சரிக்கையை நான் சற்று அழுத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து, எரிபொருள் விலையேற்றத்துக்கு உதவியாக இங்கிலாந்தில் ஏ முதல் டி வரையிலான பிரிவு வீடுகளுக்குக் கவுன்சில்கள் 150 பவுண்ட் கொடுத்தன. டைரக்ட் டெபிட்டில் கட்டுபவர்களுக்கு அது நேரே வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அம்மா ஒருவர் அந்தக் காசைக் கண்டு மிரண்டு, தொடாமல் கிறிஸ்துமஸ் வரை அப்படியே வைத்திருந்தார். "யாருடையதோ, கேட்டு வருவார்கள்" என்றார். பில்லையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை எண்ணெண்ணாகத் தானே வாசித்துப் பார்த்தார்.